வெள்ளைப் பூ தெரியும்வரை பார்த்திருக்க வேண்டாம்: வன்னி வளவுகளில் பார்த்தீனியம்

கேள்வி சுருக்கமாக இதுதான். நெடுங்கேணிப் பக்கம் கனகாலம் ஆளில்லாமல் கிடந்த வளவு. மழை பெய்து ஒரு மாதத்துக்குள் கரட் இலை மாதிரி ஒரு செடி நிலமெல்லாம் பரவிவிட்டது. வேலியோரத்தில் நின்றவை இடுப்பளவுக்கு வளர்ந்து பொடி வெள்ளைப் பூவும் பூத்துவிட்டன. அயலில் ஒருவர் மாசிப்பத்திரி மூலிகை என்கிறார், இன்னொருவர் பார்த்தீனியம் என்ற நச்சுக் களை என்கிறார். இது எது, ஆட்டைக் கட்டி மேயவிடலாமா, உழுது மண்ணுக்குள் மூடிவிடலாமா?

சொன்ன அடையாளத்துக்கு இது பார்த்தீனியமாகத்தான் இருக்கவேண்டும். ஆட்டைக் கட்டவேண்டாம். பூத்த செடியை உழவும் வேண்டாம், உழுதால் இந்த வருடத்துக் களையை அடுத்த பல வருடங்களுக்குச் சேமித்து வைத்ததாகிவிடும். ஆனால் எதையும் பிடுங்கமுன் கீழே சொல்வதை வைத்து உங்கள் கண்ணாலேயே ஒருமுறை உறுதிப்படுத்துங்கள். பயனுள்ள மூலிகையைப் பார்த்தீனியம் என்று பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு, பார்த்தீனியத்தை மூலிகை என்று சட்டியில் நட்டு வைத்தவர்களும் உண்டு.

வெள்ளைப் பூவைக் கண்ட பிறகுதான் பெரும்பாலானோர் இதைப் பார்த்தீனியம் என்று அறிகிறார்கள். அது பிந்திய நேரம். அடையாளம் பழகவேண்டியது நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும் பருவத்தில்.

முளைத்த முதல் சில நாட்களில் இரண்டு சிறு வித்திலையும், அதிகம் வெட்டில்லாத ஒன்றிரண்டு இலையும்தான் இருக்கும். அந்த நேரத்தில் நிச்சயமாகச் சொல்வது கடினம். அடுத்து வரும் இலைகளில்தான் சங்கதி தெரியும். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி இலைகள் வட்டமாக விரிந்து, கையால் அழுத்தி வைத்ததுபோல மண்ணோடு படிந்திருக்கும். ஒவ்வோர் இலையும் நடு நரம்புவரை ஆழமாக வெட்டுண்டு, அந்த வெட்டுக்குள்ளும் மீண்டும் சிறு வெட்டுகளோடு இருக்கும். நன்றாக வளர்ந்த இலை ஒரு சாண் நீளம், கிட்டத்தட்ட 20 சென்ரிமீற்றர் வரை போகும். நிறம் வெளிறிய பச்சை. விரலால் தடவினால் மெல்லிய மயிர் தட்டுப்படும், கரட் இலையின் வழுவழுப்பு இருக்காது. இந்த வட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் புல் வெளுத்துச் செத்துக் கிடக்கும். வெளிச்சத்தை மறைப்பது பாதிக் காரணம், செடி மண்ணுக்குள் விடும் இரசாயனம் மீதிக் காரணம்.

பிறகு நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பும். தண்டின் நீளத்துக்கு வரிவரியாகப் பள்ளமும் மேடும் ஓடும், நகத்தால் குறுக்கே இழுத்தால் தட்டுப்படும். முறித்தால் பால் வராது. மேலே போகப் போக இலை சிறுத்துக்கொண்டு போகும், உச்சியில் கிளை கிளையாகப் பிரியும். நல்ல ஈரமும் வெயிலும் கிடைத்தால் ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் உயரம் சாதாரணம். காய்ந்த கிரவல் தரையில் முழங்காலுக்குக் கீழேயே பூத்துவிடும். ஆகவே உயரத்தை அடையாளமாக எடுக்கவேண்டாம்.

பூவைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். தூரத்தில் வெள்ளைப் பொட்டு மாதிரித் தெரிவது உண்மையில் பல சிறு பூக்கள் சேர்ந்த ஒரு தலை. அகலம் 4 மில்லிமீற்றர் அளவு, ஒரு கொத்தமல்லி மணியை விடப் பெரிதல்ல. ஓரத்தில் ஐந்து குட்டி இதழ்கள் ஐந்து மூலையில் நிற்கும், அதனால் மேலிருந்து பார்க்க ஐங்கோணமாகத் தெரியும். இந்த ஐந்துதான் நல்ல அடையாளம். அந்த ஐந்து இதழ்களின் அடியிலும் ஒவ்வொரு விதை. ஒரு பெரிய செடி 15,000 முதல் 25,000 விதை வரை தரும் என்றால், அதில் குறைந்தது 3,000 பூத்தலை இருக்கிறது என்று கணக்கு. விதை கறுப்பு, 2 மில்லிமீற்றர் அளவு, இரண்டு பக்கமும் மெல்லிய வெள்ளைச் செதில். காற்று, ஓடுகிற வெள்ளம், சேறு எதுவும் அதற்கு வாகனம்.

இனி, இதோடு குழம்புகிறவை. மாசிப்பத்திரியின் இலையும் வெட்டுண்டதுதான், ஆனால் ஓர் இலையைக் கசக்கினால் கோயில் மாலையில் வரும் அந்த வாசம் மூக்கில் ஏறும். இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூத்தது போலவும் இருக்கும். பார்த்தீனியத்தில் அந்த வாசம் கிடையாது. கசக்கிப் பார்க்க வெறுங்கையைப் பாவிக்காதீர்கள், ஒரு பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டால் போதும். கரிசலாங்கண்ணிக்கும் சிறு வெள்ளைப் பூ உண்டு, எண்ணெய் காய்ச்சப் பிடுங்குகிறவர்கள் இதில் கவனிக்கவேண்டும். கரிசலாங்கண்ணி இலை வெட்டே இல்லாமல் நீண்டு ஒடுங்கி எதிரெதிராக நிற்கும், அது விரும்புவது வாய்க்கால் கரை ஈரத்தை. மூக்குத்திப்பூடு நிலத்தில் ஓடும், பூ ஒவ்வொன்றும் நீளமான காம்பில் தனித்து நிற்கும், நடு மஞ்சள். பூம்புல்லுக்கு இலை அகன்று ஓரம் பல் பல்லாக இருக்கும், பூ கொஞ்சம் ஊதா கலந்த பஞ்சு மாதிரி. இவை எல்லாவற்றிலும் குழப்பம் வருவது பூவைப் பார்ப்பதால்தான். இலையைப் பார்த்தால் மாசிப்பத்திரியும் தோட்டத்துக் கரட்டும் செவ்வந்திக் கன்றும் தவிர வேறொன்றும் கிட்ட வராது.

வன்னியில் இது எங்கே நிற்கும் என்பதற்கு ஒரே விதி: மண் கிளறப்பட்டு, வெயில் நேரே விழுந்து, வேறு பயிர் மூடாத இடம். ஏ9 வீதியின் இரு கரையும், ரயில் பாதையோரக் கல்லுக்கும் வேலிக்கும் இடைப்பட்ட துண்டும், கிரவல் அகழ்ந்த குழிகளும், மீள்குடியேற்றத்துக்குப் பிறகும் திறக்காத வளவுகளும், முன்பு முகாம் இருந்த வெட்டைகளும், மாட்டுப்பட்டி அடைத்து விட்டுப்போன தரையும் அதற்கு வாய்ப்பான இடங்கள். மேட்டுநிலத் தோட்டங்களில் வெங்காயம், மிளகாய், கத்தரி நிற்கும் பாத்திகளுக்குள் வரும், ஏனென்றால் அங்கே தண்ணீரும் உண்டு, வெற்று மண்ணும் உண்டு.

வயலுக்குள் காலபோகத்தில் பெரிய பயமில்லை. தண்ணீர் கட்டி நிற்கும் சேற்றில் இதனால் வாழமுடியாது. ஆனால் வரம்பில் வாழும், அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் வரம்பிலிருந்து உள்ளே இறங்கும். சிறுபோகத்தில் நெல்லில்லாமல் விட்ட வயலும், உழுந்து, பயறு போட்டு அரைகுறையாக முளைத்த வயலும் அப்படித்தான் மாட்டுப்படுகின்றன. முதிரையும் பாலையும் வீரையும் அடர்ந்து நிற்கும் காட்டுக்குள் போய் இதைத் தேடவேண்டாம். நிழல் அதற்கு ஆகாது. காட்டுக்குள் டோசர் போட்ட பாதையில் மட்டும் இரு கரையிலும் கோடு பிடித்தாற்போல நிற்கும்.

இது இந்த மண்ணின் செடி அல்ல. பிறந்த இடம் மெக்சிக்கோ வளைகுடாவைச் சுற்றிய வெப்பவலய அமெரிக்கா. இந்தியாவில் 1955 அளவில் புனேயில் கண்ணில் பட்டது, இறக்குமதிக் கோதுமையோடு வந்ததாகச் சொல்வார்கள். இலங்கையில் முதலில் பதிவானது 1999 இல், அதுவும் வவுனியாவில். 1987 முதல் 1990 வரை இங்கே நின்ற இந்திய இராணுவம் இறைச்சிக்குக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்பது ஊரில் பரவலான பேச்சு. வெங்காய, மிளகாய் விதையோடு வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. எது சரியென்று வாதிடுவதை விட, இரண்டு கதையும் காட்டும் வழியைக் கவனிப்பது பயன்: விலங்கோடும் வரும், விதைப் பொதியோடும் வரும். இன்றைக்கு அதோடு ரிப்பரில் வரும் கிரவலையும் மணலையும், ஊர் ஊராகப் போகும் அறுவடை மெசினையும், ரக்ரர் ரயரில் ஒட்டிய சேற்றையும், வாங்கிப் போடும் மாட்டெருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படியும் இது 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட களை. காணிக்குள் வளரவிட்டுவிட்டுச் சும்மா இருக்கமுடியாது.

நஞ்சு எங்கே இருக்கிறது என்று கேட்டால், செடி முழுக்க. பார்த்தெனின் என்ற பொருள்தான் முக்கியமான குற்றவாளி, இலையின் நுண்ணிய மயிர்களில் அது செறிவாக இருக்கும். தொட்டவுடன் எல்லோருக்கும் கடிப்பதில்லை, இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். உடம்பு முதலில் அதைப் பழகி, பிறகுதான் எதிர்க்கத் தொடங்கும். பத்துத் தரம் வெறுங்கையால் பிடுங்கியும் ஒன்றும் நடக்காதவருக்குப் பதினோராவது தரம் கை, கழுத்து மடிப்பு, கண்ணிமை, முழங்கை மடிப்பு எல்லாம் சிவந்து தடித்துக் கடிக்கும். அப்படி ஒருமுறை தொடங்கினால் பிறகு செடியைத் தொடாமல், காற்றில் வரும் காய்ந்த தூளாலேயே திரும்பத் திரும்ப வரும். பூந்தூள் மூக்கடைப்பையும் தும்மலையும் கொண்டுவரும், ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பைக் கிளப்பும். ஆகவே இழுப்புக்காரரையும் சிறுபிள்ளைகளையும் இந்த வேலைக்கு விடக்கூடாது. பள்ளிக்கூடச் சிரமதானத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பிடுங்கவைப்பது மிகவும் பிழையான பழக்கம்.

ஏற்கெனவே கடி தொடங்கியிருந்தால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். போட்டிருந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்க்காமல் தனியாகத் தோயுங்கள். தேசிக்காய், சுண்ணாம்பு போன்றவற்றைப் பூசினால் புண்ணாகும். தடிப்பு முகத்துக்கு ஏறினாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன செடியைத் தொட்டீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மாடு பொதுவாக இதை ஒதுக்கிவிடும், கசப்பு. ஆனால் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வன்னியில் புல் எங்கே கிடக்கிறது? வேறொன்றும் இல்லாதபோது தின்னும். தின்ற மாட்டின் பால் கசக்கும். வாயில் புண், தோலில் மயிர் உதிர்வு என்று போகும். தீவனத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் பாதி வரை இது கலந்தால் மாடு சாகவும் கூடும். ஆடு கொஞ்சம் துணிந்து கடிக்கும், அதனால் அதற்குப் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. இறைச்சிக்கும் அந்தக் கசப்பு ஏறும். அதைவிட, விதை முற்றிய செடிக்குள் கட்டிய ஆடு காலிலும் மயிரிலும் விதையை அடுத்த வளவுக்குக் கொண்டுபோகும்.

பிடுங்குவதற்கு முன் வன்னிக்கே உரிய ஓர் எச்சரிக்கை. கனகாலம் திறக்காத காணி என்கிறீர்கள். மிதிவெடி அகற்றி ஒப்படைத்த நிலமா என்பதை கிராம அலுவலரிடம் கேட்டு நிச்சயப்படுத்தாமல் அலவாங்கு குத்தவேண்டாம். துப்புரவாக்கிய நிலத்திலும் துருப்பிடித்த இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் தொடாமல் விலகி, அடையாளம் வைத்து, அறிவியுங்கள். காய்ந்த பற்றைக்கு நெருப்பு வைத்து வெளியாக்கும் எண்ணத்தை அப்படிப்பட்ட காணியில் அறவே விடுங்கள்.

வேலைக்கு நல்ல நேரம் மழைக்கு மறுநாள் காலை. மண் இளகியிருக்கும், வேர் முழுதாக வரும், ஈரத்தில் தூளும் பறக்காது. நீளக்கை சேட், காற்சட்டை, சப்பாத்து, தடித்த ரப்பர் கையுறை, மூக்கையும் வாயையும் மூட முகக்கவசம். துணிக் கையுறை உதவாது, சாறு ஊறி உள்ளே போகும்.

முதலில் பூத்தவற்றை முடியுங்கள். ஓட்டையில்லாத உரப்பை ஒன்றைச் செடியின் தலைமேல் கவிழ்த்து, வாயைத் தண்டோடு சேர்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தண்டின் அடியைப் பிடித்து நேராக மேலே இழுக்கவேண்டும். ஆட்டி ஆட்டி இழுத்தால் விதை கொட்டும். வேர் ஆணிவேர், உறுதியானது. வராவிட்டால் பக்கத்தில் அலவாங்கைக் குத்தி மண்ணை ஒருமுறை நெம்பினால் வந்துவிடும். பிடுங்கிய பின் ஒன்றைப் பாருங்கள்: தண்டும் வேரும் சேரும் கழுத்து உங்கள் கையில் இருக்கிறதா? கழுத்து மண்ணுக்குள் நின்றுவிட்டால் அதிலிருந்து நாலைந்து கிளை வெடித்து முன்னையதை விடப் புதராக வரும். புல்லு வெட்டும் மெசினைக் கொண்டு வீதியோரம் வெட்டுகிற இடங்களில் நடப்பது இதுதான். வெட்டி இரண்டு மூன்று வாரத்தில் கணுக்கால் உயரத்திலேயே பூத்து நிற்கும், இடையில் மெசின் விதையையும் வீசியிருக்கும்.

நிலத்தோடு படிந்த இளஞ்செடிக்குக் கையைவிட மண்வெட்டி நல்லது. இலையைப் பிடித்து இழுத்தால் இலைதான் வரும். மண்வெட்டியைச் சாய்த்து, இரண்டு மூன்று விரல் ஆழத்தில், கழுத்துக்குக் கீழே செருக்கிவிடுங்கள். பூ இல்லாத செடியை வேர் மேலே பார்க்கக் கவிழ்த்து வெயிலில் அங்கேயே காயவிடலாம், கூட்டெருக் குழியிலும் போடலாம். பூத்ததை ஒருபோதும் கூட்டெருவுக்குள் போடாதீர்கள். வீட்டுக் குழியின் சூடு விதையைக் கொல்லப் போதாது, அந்த எருவை எங்கே போடுகிறீர்களோ அங்கே பார்த்தீனியம் முளைக்கும். பிடுங்கிப் போட்ட செடியிலேயே பூ முற்றி விதையாகிவிடும் என்பதால் குவித்துவிட்டுப் போவதும் பயனில்லை. பையின் வாயைக் கட்டி வெயிலில் வாட விட்டு, குழியொன்றில் வைத்து எரியுங்கள். புகை வீட்டுப் பக்கம் போகாத நேரமாகப் பார்த்து, புகை உங்கள்மேல் படாதபடி காற்று வரும் பக்கத்தில் நில்லுங்கள்.

உப்புத் தண்ணீர் பற்றிப் பலர் கேட்பதுண்டு. வேலை செய்யும். ஒரு லீற்றருக்கு 200 கிராம் கறியுப்பு, அதாவது 16 லீற்றர்த் தாங்கிக்கு 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், இலையில் ஒட்டி நிற்க ஒரு சிட்டிகை சவர்க்காரத்தூள். பூக்கமுன், நல்ல வெயிலில், இலை நனைய அடிக்கவேண்டும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் மழை வந்தால் கழுவிப் போய்விடும். ஆனால் மதிலடி, கிரவல் வீதியோரம் போன்ற பயிர் வைக்காத இடங்களுக்கு மட்டும்தான். கிணற்றடியிலும் தோட்டத்திலும் அடித்தால் பார்த்தீனியம் போனாலும் உப்பு போகாது. தாங்கியையும் அந்தக் கையோடு கழுவாவிட்டால் பித்தளை முனை அரித்துவிடும். களைநாசினி அடிக்க நினைத்தால் எது இப்போது அனுமதியில் இருக்கிறது, எந்தப் பயிருக்குள் அடிக்கலாம் என்பதை உங்கள் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுச் செய்யுங்கள். கிளைபோசேட் விடயத்தில் 2015 இலிருந்து தடையும் தளர்வும் மாறி மாறி வந்திருக்கின்றன, கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்கவேண்டாம். எந்த மருந்தானாலும் முற்றிய விதையை அது ஒன்றும் செய்யாது.

இப்போது உழவுக் கேள்விக்கு வருவோம். மேல்மண்ணில் கிடக்கும் விதை முளைத்தோ கெட்டோ விரைவில் முடிந்துவிடும். ஆழத்தில் புதைந்த விதை வருடக்கணக்கில் உயிரோடு கிடந்து, என்றைக்கு அடுத்த உழவு அதை மேலே கொண்டுவருகிறதோ அன்றைக்கு முளைக்கும். பூக்காத இளஞ்செடி மட்டும் நிற்கும் பகுதியை மேலோட்டமாகக் கொத்தலாம், பிழையில்லை. பூத்த வேலியோரத்தைக் கையால் முடிக்காமல் ரக்ரரை உள்ளே விடவே வேண்டாம்.

முதல் வருடத்தில் ஒருமுறை பிடுங்கிவிட்டு வெற்றி என்று நினைப்பதும் நடக்கும். முளைத்து நாலு முதல் ஆறு வாரத்துக்குள் இது பூத்துவிடும், நல்ல ஈரத்தில் 28 நாளே போதும். ஆகவே ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்த நாளைக் குறித்து வைத்து, மூன்றாவது கிழமை காணி முழுக்க ஒருமுறை நடவுங்கள். கயிறு கட்டி ஐந்து காலடி அகலத் துண்டுகளாகப் பிரித்து நடந்தால் தவறாது, கண்போன போக்கில் நடந்தால் வேலியோரமும் மரத்தடியும் தப்பும். பிறகு மழை நிற்கும்வரை மூன்று கிழமைக்கு ஒருமுறை. பங்குனி, சித்திரை மழைக்கும் அதே கணக்கு. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறவர்களுக்கு வருடம் முழுக்க அந்தக் கணக்குத்தான், வாய்க்கால் கரையையும் சேர்த்து.

பிடுங்கிய நிலத்தை வெறுமனே விடாதீர்கள். வெற்று மண்தான் அதற்கு அழைப்பு. பயறு, உழுந்து, கௌபி எதுவானாலும் நெருக்கமாக விதைத்து மூடுங்கள், ஆட்டுக்குத் தீவனப்புல் வேண்டுமென்றால் அதை வையுங்கள். ஒன்றுக்கும் வசதியில்லாத மூலையில் ஊசித்தகரை தானாக முளைத்தால் அதைச் செருக்காமல் விடுங்கள். பார்த்தீனியத்தோடு மல்லுக்கு நின்று மேலே வரக்கூடிய செடிகளில் அது ஒன்று, மழைக்கு அது அடர்ந்து எழும்பினால் கீழே வெளிச்சம் விழாது. அதுவும் களைதானே என்று சிலர் முதலில் அதைத்தான் வெட்டுகிறார்கள், வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கு எது வருகிறது என்று பார்த்தால் விளங்கும்.

காணியை வெளியாக்கிய பிறகு கிரவலோ எருவோ இறக்கினால் வளவெங்கும் பரப்பமுன் படலையடியில் ஒரே இடத்தில் குவித்துத் தண்ணீர் தெளித்து இரண்டு கிழமை விடுங்கள். அதற்குள் விதை இருந்தால் குவியலின் மேலேயே கணிசமானது முளைத்துக் காட்டிவிடும், முளைத்ததை அங்கேயே செருக்கிவிட்டுப் பிறகு பரப்பலாம். உள்ளே புதைந்து கிடப்பது பரப்பிய பிறகுதான் வரும், அதனால் அந்தத் துண்டை மட்டும் அடுத்த இரண்டு மாரிக்குக் கண்ணில் வைத்திருங்கள்.